எட்டு மணி நேரமும் ஓ.டி. கணக்கும்



நம் ஒர்க்ஷாப்பில் நிற்கும் எந்த மோட்டாரை எடுத்துக் கொண்டாலும் அதன் மேல் ஒரு பெயர்த்தகடு இருக்கும். எத்தனை குதிரைத்திறன், எத்தனை ஆம்பியர், தொடர்ந்து ஓடலாமா, விட்டு விட்டுத்தான் ஓட வேண்டுமா என்றெல்லாம் அதில் அடித்திருப்பார்கள். அதை மீறி லோடு ஏற்றினால் வைண்டிங் கருகும். பிறகு யாரைக் குறை சொல்லியும் பயனில்லை.

அந்த மோட்டாரை ஓட்டுகிற மனிதனுக்கு இப்படி ஒரு தகடு யாரும் அடிக்கவில்லை. அவன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடலாம்? வாரத்தில் எத்தனை நாள்? நடுவில் எப்போது நிறுத்த வேண்டும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்திருப்பது சட்டம் ஒன்றுதான். மூன்று வருடம் படித்து, டிப்ளமோ கையில் வாங்கி, கேம்பஸ் இன்டர்வியூவில் தேறி, அம்பத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை என்று கிளம்பப் போகிற நாம் மோட்டாரின் தகட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள். நமக்கு உரிய தகட்டை மட்டும் படிக்காமல் போகலாமா? அதைப் படித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எட்டு எங்கிருந்து வந்தது?

எட்டு மணி நேர வேலை என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. பெரியவர்கள் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. 7 வயதுக்குக் குறைந்த குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது, 7 முதல் 12 வயது வரையிலான குழந்தையை 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதுதான் அதில் இருந்த பெரிய சலுகை! 1891இல் பெண்களுக்கு 11 மணி நேரம் என்று வரம்பு வந்தது. பஞ்சாலைகளில் வளர்ந்த ஆண்களுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு கட்ட 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு படிப்படியாகத்தான் இறங்கியது. 1922இல் நாளுக்கு 11, வாரத்துக்கு 60. 1934இல் ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளுக்கு நாளுக்கு 10, வாரத்துக்கு 54. 1946இல் நாளுக்கு 9, வாரத்துக்கு 48. அந்த 48 மணி நேர மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்து வந்த டாக்டர் அம்பேத்கர். சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் அதே 48 மணி நேரத்தை ஏற்றுக்கொண்டது.

இப்படி ஒவ்வொரு மணி நேரமாகக் குறைந்ததற்குப் பின்னால் போராட்டம் இருந்தது. 1886 மே முதல் நாள் அமெரிக்காவில் எட்டு மணி நேரம் கேட்டுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சிகாகோவில் அதைத் தொடர்ந்து நடந்த சம்பவங்களுக்காக நால்வர் 1887 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதெல்லாம் எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா துணையோடு வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வோடு வேலை நேரக் குறைப்பையும் ஞாயிறு விடுமுறையையும் பெற்றார்கள். 1918இல் சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதும் அவர்களுடைய குறைகளில் ஒன்று. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச்சூடு நடந்து 12 பேர் உயிர் விட்டார்கள். அதன் பிறகுதான் அங்கே எட்டு மணி நேர வேலை சட்டப்படியான உரிமையானது.

நாம் பஞ்சிங் கார்டில் சர்வசாதாரணமாகக் குத்தும் அந்த 8 என்ற எண்ணுக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் நம் அண்ணன்மார் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஷாப் ஃப்ளோரில் இன்றும் பேச்சில் அடிபடுவது அதன் எண்கள்தான். அந்தச் சட்டத்தில் இருந்தவை இவை:

- வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம்.
- வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுமுறை.
- தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. அதற்குள் அரை மணி நேரமாவது இடைவேளை.
- இடைவேளை உட்பட, உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும் வரை பத்தரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.
- 9 மணிக்கோ 48 மணிக்கோ மேல் போனால் இரட்டிப்புக் கூலி.
- விதிவிலக்கு கொடுத்தாலும் ஓ.டி.யையும் சேர்த்து வாரத்துக்கு 60 மணி நேரம்தான். மூன்று மாதத்துக்கு ஓ.டி. 50 மணி நேரம். அசாதாரண வேலைப்பளு என்று தனி அனுமதி வாங்கினால் 75 மணி நேரம்.

இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம்’ 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. கூலி பற்றிய விஷயங்களுக்கு 2019ஆம் ஆண்டு ‘ஊதியத் தொகுப்புச் சட்டம்’. பெயர்கள் நீளம்தான். நமக்கு வேண்டிய சாரம் இதுதான்:

- 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஒரு தொழிலாளியை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.
- வாரத்துக்கு 6 நாள்தான் வேலை.
- ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி. நாள் கணக்கில் பார்த்தாலும் வாரக் கணக்கில் பார்த்தாலும் எது தொழிலாளிக்குச் சாதகமோ அந்தக் கணக்கு.
- ஓ.டி. பார்க்கத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும்.
- பெண்களை மாலை 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் வேலைக்கு வைக்கலாம். ஆனால் அவர்கள் சம்மதமும், பாதுகாப்பு ஏற்பாடுகளும் இருக்க வேண்டும்.
- வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும்.

‘சம்மதம் வேண்டும்’ என்று எழுதி வைத்தது நல்ல விஷயம். நாளுக்கு 9 என்பது 8 ஆனதும் நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இடைவேளை எவ்வளவு, மொத்த நேரப் பரவல் எவ்வளவு, மூன்று மாதத்துக்கு ஓ.டி. எத்தனை மணி நேரம் என்ற எண்கள் பழைய சட்டத்தில் சட்டத்துக்குள்ளேயே இருந்தன. புதிய சட்டம் அவற்றை அரசு போடும் விதிக்கும் அறிவிப்புக்கும் விட்டுவிட்டது. சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் சபையில் விவாதம் நடக்கும், பேப்பரில் வரும், நாலு பேர் கேள்வி கேட்பார்கள். அறிவிப்பு அப்படியல்ல. கெஜட்டில் ஒரு பக்கத்தில் வந்துவிட்டுப் போய்விடும். ஆகவே இனிமேல் கெஜட்டையும் ஒரு கண் பார்த்து வைக்க வேண்டிய காலம் இது.

கடை, ஷோரூம், சர்வீஸ் சென்டர் பக்கம் போகிற நண்பர்களுக்கு 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. அங்கும் நாளுக்கு 8, வாரத்துக்கு 48. ஓ.டி. சேர்த்தால் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 என்பது உச்சம். அதற்கும் இரட்டிப்புக் கூலிதான். கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் ஒரு திருத்தமும் வந்தது.

ஏன் இரட்டிப்பு?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. ஓ.டி.க்கு டபுள் கொடுப்பது தொழிலாளிக்குக் கம்பெனி தரும் பரிசு என்றுதான் பலபேர் நினைக்கிறார்கள். ‘அந்தக் கம்பெனியில நல்ல ஓ.டி. கிடைக்கும்டா’ என்று சந்தோஷமாகச் சொல்கிறோம். உண்மையில் அது பரிசே அல்ல. அது ஒரு பிரேக். தொழிலாளியை அளவுக்கு மேல் வேலை வாங்கினால் முதலாளிக்குச் செலவு ஏற வேண்டும், அப்போதுதான் அவர் யோசிப்பார் என்று போட்ட பிரேக். நம்பிக்கை இல்லாவிட்டால் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

24 மணி நேரமும் ஓடும் ஒரு மெஷின். ஒருவருக்கு நாள் கூலி 600 ரூபாய். 8 மணி நேரத்துக்கு 600 என்றால் மணிக்கு 75 ரூபாய்.

முதல் வழி: 8 மணி நேர ஷிப்ட் மூன்று. மூன்று பேர். கூலிச் செலவு 3 × 600 = 1,800 ரூபாய்.

இரண்டாவது வழி: 12 மணி நேர ஷிப்ட் இரண்டு. இரண்டே பேர். ஓ.டி.க்கு சிங்கிள் ரேட் கொடுத்தால் ஒருவருக்கு 12 × 75 = 900. இருவருக்கு அதே 1,800 ரூபாய். கூலியில் மிச்சமில்லை போலத் தெரியும். ஆனால் மூன்றாவது ஆளுக்கான பி.எஃப்., பஸ், கேன்டீன், யூனிஃபார்ம், பயிற்சி எல்லாம் மிச்சம். எந்த மேனேஜரும் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

மூன்றாவது வழி: அதே 12 மணி நேரம், ஆனால் சட்டப்படி டபுள். ஒருவருக்கு 8 × 75 = 600, அதோடு 4 × 150 = 600, ஆக 1,200. இருவருக்கு 2,400 ரூபாய். மூன்று ஷிப்ட் வைப்பதைவிட நாளுக்கு 600 ரூபாய் அதிகம்!

பார்த்தீர்களா? டபுள் கொடுக்க வேண்டியிருந்தால் மூன்றாவது ஆளை வேலைக்கு எடுப்பதுதான் கம்பெனிக்கே லாபம். சிங்கிள் ரேட்டில் ஓ.டி. ஓடினால் அந்த மூன்றாவது ஆளுக்கு வேலையே இல்லை. இதே கணக்கை 100 மெஷின் உள்ள ஆலைக்குப் போட்டால், 300 பேர் பார்க்க வேண்டிய வேலையை 200 பேர் பார்ப்பார்கள். மீதி 100 பேர்? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு பண்ணிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த 100 பேரில் நம் ஜூனியர்களும் இருப்பார்கள், ஒருவேளை நாமே இருப்போம்.

எட்டு மணி நேர வரம்பு வேலையில் இருப்பவனின் உடம்பையும் காப்பாற்றுகிறது, வேலைக்காக வெளியே நிற்பவனுக்கு ஒரு இடத்தையும் காப்பாற்றி வைக்கிறது. திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று சொல்வார்கள். காலையில் உள்ளே போனவர் ராத்திரிதான் வெளியே வருவார். அந்த அரை ஷிப்டுக்கு டபுள் கிடைக்கிறதா சிங்கிள் கிடைக்கிறதா என்பதில்தான் இன்னொருவருடைய வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஓ.டி. கணக்குப் போடுவது எப்படி?

முதலில் எத்தனை மணி நேரம் ஓ.டி. என்று பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் 11 மணி நேரம் வேலை. ஆர்டர் குறைந்ததால் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் 6 மணி நேரம். மொத்தம் 33 + 18 = 51 மணி நேரம். நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என்று எடுத்துக்கொள்வோம்.

வாரக் கணக்கு: 51 – 48 = 3 மணி நேரம் ஓ.டி.
நாள் கணக்கு: 3 நாள் × 3 மணி = 9 மணி நேரம் ஓ.டி.

எது சாதகமோ அதுதான் என்று சட்டம் சொல்வதால் 9 மணி நேரத்துக்கு டபுள் கொடுக்க வேண்டும். ‘வாரத்துக்கு சராசரி போட்டாச்சு தம்பி, 3 மணிதான் வருது’ என்று டைம் ஆபீஸில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

அடுத்தது, எந்தத் தொகைக்கு டபுள்? இங்கேதான் விளையாட்டு. சம்பளத்தில் அடிப்படையையும் பஞ்சப்படியையும் குறைத்துப் போட்டு, மற்றதை வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி என்று பிரித்து எழுதினால் ஓ.டி. குறைவாக வரும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் அலவன்ஸையும் சேர்த்துத்தான் ஓ.டி.க்கு அடிப்படை பார்க்க வேண்டும் என்று இருந்தது. புதிய சட்டத்தில் ‘ஊதியம்’ என்பதன் பொருள் அதைவிடக் குறுகியது. வீட்டு வாடகைப்படி போன்றவை அதில் சேராது. ஆனால் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார்கள்: அப்படி விலக்கும் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால், பாதிக்கு மேற்பட்ட பகுதியை ஊதியத்தோடு சேர்த்துவிட வேண்டும்.

உதாரணமாக மொத்தச் சம்பளம் 20,800 ரூபாய். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 8,000. மற்ற படிகள் 12,800. மொத்தத்தில் பாதி 10,400. படிகள் அதைவிட 2,400 அதிகம். அந்த 2,400ஐ 8,000த்தோடு சேர்த்தால் ஊதியம் 10,400 ரூபாய். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 400. 8ஆல் வகுத்தால் மணிக்கு 50. ஓ.டி. மணிக்கு 100 ரூபாய். வெறும் 8,000த்தை வைத்துக் கணக்குப் போட்டால் மணிக்கு ஏறக்குறைய 77 ரூபாய்தான் வரும். மணிக்கு 23 ரூபாய் போனால் போகட்டும் என்று தோன்றும். மாதத்துக்கு 40 மணி நேரம் ஓ.டி. என்றால் அது 920 ரூபாய். நம் வீட்டில் அது ஒரு கேஸ் சிலிண்டர்.

நம் கதை கொஞ்சம் வேறு

டிப்ளமோ படித்தவர்களுக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு.

முதலாவது, அப்ரண்டிஸ். படித்து முடித்ததும் ஒரு வருடம் டெக்னீஷியன் அப்ரண்டிஸாகப் போகிறவர்கள் நம்மில் நிறைய. 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயில்பவர், தொழிலாளி அல்ல. அதனால் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. இதைக் கேட்டதும் ‘அப்படியானால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் நிற்க வைக்கலாமா?’ என்று தோன்றும். இல்லை! அப்ரண்டிஸை ஓ.டி. பார்க்க வைக்கவே கூடாது என்பதுதான் அந்தச் சட்டம். பயிற்சிக்கு நன்மை அல்லது பொதுநலன் என்று பயிற்சி ஆலோசகர் திருப்தி அடைந்து அனுமதி கொடுத்தால் மட்டுமே முடியும். ‘தம்பி, அடுத்த ஷிப்ட் ஆள் வரலை, கொஞ்சம் மெஷினைப் பாத்துக்க’ என்று ஒரு அப்ரண்டிஸை ராத்திரி வரை நிறுத்தி வைப்பது பயிற்சி அல்ல. ஆள் பற்றாக்குறையை இலவசமாக அடைப்பது.

இரண்டாவது, ‘டிரெய்னி’. அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவான ஒப்பந்தம் வேறு, கம்பெனி தானாக வைக்கும் ‘டிரெய்னி’ என்ற பெயர் வேறு. முதலாவதில் பதிவு இருக்கும், பயிற்சித் திட்டம் இருக்கும், முடிவில் சான்றிதழ் இருக்கும். இவை ஒன்றும் இல்லாமல், நிரந்தரத் தொழிலாளி பார்க்கும் அதே வேலையைப் பார்த்துக்கொண்டு பெயர் மட்டும் டிரெய்னி என்றால், அந்தப் பெயரை வைத்து மட்டும் ஓ.டி. இல்லை என்று சொல்லிவிட முடியாது. சேரும்போதே கேளுங்கள்: ‘சார், இது அப்ரண்டிஸ் சட்டத்தில் பதிவாகிறதா?’ இந்த ஒரு கேள்விக்கே பல விஷயம் தெளிவாகிவிடும்.

மூன்றாவது, சூப்பர்வைசர். ஐ.டி.ஐ. படித்தவர் மெஷினில் நிற்பார், டிப்ளமோ படித்தவரை ‘ஜூனியர் இன்ஜினியர்’, ‘சூப்பர்வைசர்’ என்று போடுவார்கள். பெயர் பெரிசு. வீட்டில் அம்மாவுக்கும் பெருமை. மாதக் கடைசியில் ‘நீங்க ஸ்டாஃப், உங்களுக்கு ஓ.டி. கிடையாது’ என்பார்கள். சட்டம் என்ன சொல்கிறது? மேலாண்மை அல்லது நிர்வாகப் பொறுப்பில் முக்கியமாக இருப்பவர் தொழிலாளி அல்ல. மேற்பார்வை வேலை பார்ப்பவரின் மாத ஊதியம் 18,000 ரூபாய்க்கு மேலோ, மத்திய அரசு அறிவிக்கும் தொகைக்கு மேலோ இருந்தால் அவரும் தொழிலாளி அல்ல. அதற்குள் இருந்தால் சூப்பர்வைசரும் தொழிலாளிதான்.

இன்னொன்று. விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. கை என்ன வேலை செய்கிறது என்றுதான் பார்க்கும். தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் வந்த சிபா கெய்கி வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: பதவிப் பெயரை விட்டுவிட்டு, முக்கியமாகப் பார்த்த வேலை என்ன என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க சி.என்.சி. மெஷினில் ஜாப் மாற்றிக்கொண்டே இருப்பவரை இன்ஜினியர் என்று கூப்பிட்டாலும் அவர் பார்ப்பது ஆபரேட்டர் வேலைதான்.

அண்மையில் நடந்த இரண்டு விஷயங்கள்

கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 17 அன்று குஜராத் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம். கூடுதல் நேரத்துக்கு டபுள் வேண்டாம், அதே விகிதத்தில் கொடுத்தால் போதும். 8 மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்றால் 12 மணி நேரத்துக்கு 120 ரூபாய் என்று உதாரணமே கொடுத்திருந்தார்கள். நாம் மேலே பார்த்த இரண்டாவது வழி இதுதான்! தொழிற்சங்கங்கள் உச்ச நீதிமன்றம் போயின. 2020 அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. கொள்ளை நோயால் வந்த பொருளாதாரச் சிரமத்தின் பாரத்தைத் தொழிலாளி தலையில் மட்டும் ஏற்ற முடியாது என்று கண்டித்து, அந்தக் காலத்தில் கூடுதல் நேரம் உழைத்தவர்களுக்குச் சட்டப்படியான இரட்டிப்புக் கூலி கொடுக்க உத்தரவிட்டது.

இரண்டாவது நம் மாநிலத்தில் நடந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. 65ஏ என்ற புதுப் பிரிவு. வேலை நேரம், வார விடுமுறை, இடைவேளை, ஓ.டி. ஆகிய பிரிவுகளிலிருந்து எந்த ஆலைக்கும் அரசு விலக்கு கொடுக்கலாம் என்பது அதன் சாரம். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் ஒன்றுகூடின. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இரண்டிலும் ஒரே பாடம்தான். வரம்பைத் தளர்த்தும் முயற்சி எந்த ஊரிலும், எந்தக் கட்சி ஆட்சியிலும் வரும். விஷயம் தெரிந்தவர்கள் சத்தம் போட்டால் அது பின்வாங்கும்.

ஓ.டி. இல்லாமல் வீடு நடக்குமா?

இந்தக் கேள்வியை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது. படிப்புக் கடன் இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது, ரூம் வாடகை இருக்கிறது. ‘ஓ.டி. பாத்தாதான் கையில நாலு காசு நிக்கும்’ என்று சொல்லும் அண்ணனைப் பார்த்து எட்டு மணி நேரத்தோடு போய்விடுங்கள் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? ஆனால் அந்தப் பேச்சுக்குள் இருக்கும் உண்மையையும் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் நடக்கவில்லை என்றால், குறை எட்டு மணி நேரத்தில் இல்லை, கூலியில் இருக்கிறது. கூலி உயர்வு கேட்க வேண்டிய இடத்தில் ஓ.டி. கேட்கப் பழக்கிவிட்டார்கள்.

உடம்பின் கணக்கு வேறு இருக்கிறது. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் உலோகச் சோர்வு படித்திருக்கிறோம். தாங்கக்கூடிய லோடுதான், ஆனால் ஓயாமல் திரும்பத் திரும்ப ஏறினால் ஒரு நாள் ராடு முன்னறிவிப்பே இல்லாமல் படக்கென்று முறியும். மனிதனும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். நீண்ட வேலை நேரத்தால் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. இருபது வயதில் இதெல்லாம் தெரியாது. நாற்பது வயதில் உடம்பு கணக்குக் கேட்கும். பவர் பிரஸ்ஸில் பதினோராவது மணி நேரத்தில் அசந்துபோகும் கைக்கு அதுவரைக்கும்கூட அவகாசம் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்ததும் செய்ய வேண்டியவை

1. நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பதவி, ஊதியம், அதன் பிரிவுகள் எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

2. ஒரு சின்ன டைரி வாங்குங்கள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், யார் சொல்லி நின்றோம் என்று தினமும் ஒரு வரி. கம்பெனி மெஷினில் பதிவாகும் நேரம் கம்பெனியின் கையில் இருக்கும். டைரி நம் கையில் இருக்கும். நமக்கு லேப் ரெக்கார்டு எழுதிப் பழக்கம்தானே!

3. சம்பளச் சீட்டு கொடுப்பது சட்டப்படிக் கட்டாயம். மாதா மாதம் வாங்கி, டைரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓ.டி.யை ‘இன்சென்டிவ்’ என்று வேறு பெயரில் போட்டிருந்தால் குறித்து வையுங்கள்.

4. வெற்றுத் தாளிலோ, நிரப்பாத ரிஜிஸ்டரிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

5. குறைந்தால் முதலில் டைம் ஆபீஸில் மரியாதையாகக் கேளுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தின் மூலம் கேளுங்கள். தனியாகக் கேட்பவனுக்கு டிரான்ஸ்ஃபர் வரும், சேர்ந்து கேட்டால் பதில் வரும்.

6. அதற்கும் நடக்காவிட்டால் வேலை நேரம் பற்றித் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தையும், கூலி பற்றித் தொழிலாளர் துறை அலுவலகத்தையும் அணுகலாம். ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, வர வேண்டிய தொகைக்கு மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பாக்கித் தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் அதிகாரிக்கு உரிமை உண்டு.

நண்பர்களே! நம்மில் சிலர் ஆபரேட்டர் ஆவோம். சிலர் ஷிப்ட் சார்ட் எழுதும் சூப்பர்வைசர் ஆவோம். ஒன்றிரண்டு பேர் லேத் இரண்டு போட்டுச் சொந்தப் பட்டறை வைத்து, நாலு பேருக்குக் கூலி கொடுக்கும் இடத்துக்கும் போவோம். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இன்று ஓ.டி.க்கு டபுள் கேட்கத் தெரிந்துகொள்கிற நாம், நாளை ஷிப்ட் சார்ட் நம் கைக்கு வரும்போது ஒரு அப்ரண்டிஸ் தம்பியின் பெயரை ராத்திரி ஷிப்டில் சேர்த்து எழுதும் முன் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தினால், மூன்று வருடம் நாம் படித்த படிப்புக்கு அதுவே போதும்.